ஃபார்மட் செய்த டிஸ்க்குகளை இன்னும் விற்காதீர்கள்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் 22 ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். கல்யாணம், வளைகாப்பு, சடங்கு, காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் அவர் கேமரா போகாத வீடு குறைவு. பாஸ்போர்ட் சைஸ் படம், ஆதார் பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அதே கடையில்தான். சென்ற ஆண்டு மாரடைப்பில் காலமாகிவிட்டார். கடையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மிச்சம் இருப்பவை, 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள், 2021-ல் வாங்கிய எஸ்எஸ்டி லேப்டாப் ஒன்று, நான்கு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகள், பிஸ்கட் டப்பா நிறைய மெமரி கார்டுகள். பழைய கம்ப்யூட்டர் வியாபாரி ஒருவர் மொத்தத்துக்கும் 18,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் வந்து, “அண்ணி, எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிட்டேன், இனிமே யாரும் எதையும் பார்க்க முடியாது” என்று அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். டக் டக் என்று சத்தம் போட்ட ஒரு போர்ட்டபிள் டிஸ்க் மட்டும் திறக்கவில்லை. அது செத்துப்போச்சு, பழைய இரும்புக்குப் போடலாம் என்றாராம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனோ 35 தடவை அழித்தால்தான் முழுதாகப் போகும் என்கிறான். பக்கத்துக் கடைக்காரர் ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துத் தேய்க்கச் சொல்கிறார். இதற்கிடையில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கல்யாண ஆல்பத்தைப் பறிகொடுத்த ஓர் அம்மா கடை வாசலில் வந்து நின்று, மகள் கல்யாணப் படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டு அழுதிருக்கிறார். “படமெல்லாம் அவர் எடுத்தது, அப்போ எங்களுடையதுதானே? அழிக்கலாமா, கூடாதா?” என்று கேட்கிறார் சகோதரி. கடிதத்தின் கடைசி வரி இது: “அவர் குரல் உள்ள வீடியோ ஏதாவது அதில் இருந்திருக்குமா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அழிந்துபோன டேட்டாவை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்டுக் கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடங்களாக இதையேதான் செய்கிறேன். அதனால் எந்த டிஸ்க்கில் என்னால் எடுக்க முடியும், எதில் முடியாது என்பதை வைத்தே உங்களுக்குப் பதில் சொல்கிறேன். வியாபாரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள், இரண்டு வாரம் பொறுக்கட்டும். அதுவரை அந்த டிஸ்க்குகளில் எதையும் புதிதாகப் பதிய வேண்டாம், கம்ப்யூட்டர்களை ஆன் செய்யவும் வேண்டாம். ஏனென்றால், லேப்டாப்பைத் தவிர மற்றவற்றில் உங்கள் கொழுந்தனார் அநேகமாக எதையும் அழிக்கவில்லை. அதனால் உங்களுக்கு ஆபத்தும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது.

ஃபார்மட் என்ன செய்தது?

அத்தனை டிஸ்க்குகளையும் அவர் அரை மணி நேரத்தில் முடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே எனக்குப் போதும். ஒரு டிபி டிஸ்க்கை முழுவதும் எழுதி முடிக்க, இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அவர் செய்தது ‘குயிக் ஃபார்மட்’. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் ஓர் அட்டவணை வைத்திருக்கும். குயிக் ஃபார்மட் அந்த அட்டவணையை மட்டும் புதிதாகப் போடும். நிலப் பதிவேட்டைக் கிழித்துவிட்டால் வயல் காணாமல் போய்விடாது அல்லவா, அப்படித்தான் இதுவும். ஹார்ட் டிஸ்க்குகளில் படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கேமராக்கள் வழக்கமாகப் பதியும் ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று குறிகளோடுதான் தொடங்கும். அட்டவணை இல்லாவிட்டாலும் மீட்பு மென்பொருள் அந்தக் குறிகளைத் தேடிக்கொண்டே டிஸ்க் முழுக்க நடந்து, அகப்பட்ட படத்தையெல்லாம் எடுத்துவிடும். ‘ஃபோட்டோரெக்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கொஞ்சம் பொறுமை உள்ள கல்லூரிப் பையன் யாரும் ஓட்டிவிடலாம்.

இது எவ்வளவு எளிது என்பதற்கு என் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். டிஸ்க்கின் தட்டில் பதிந்ததைப் படிக்கும் ஹெட் கெட்டுப்போனால் அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி, அதன் ஹெட்டைக் கழற்றி மாட்டுவோம். அப்படி உதிரிக்காக ஒருமுறை பழைய பொருள் கடையில் ஒரு டிஸ்க் வாங்கி வந்தேன். ஹெட் நன்றாகப் படிக்கிறதா என்று சோதிக்க மாட்டியபோது திரையில் காலியான டிரைவ்தான் தெரிந்தது. சும்மா ஸ்கேன் ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் முதல் படம் வந்தது. தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை, ஆசாரி கை காதருகில், வாய் முழுக்கத் திறந்து அழுகை. அடுத்து அந்தக் குழந்தையின் அம்மா, பின்னாலேயே வீட்டு உள்ளறை. அதற்கு மேல் பார்க்காமல் நிறுத்தி, டிஸ்க் முழுவதையும் அழித்த பிறகுதான் வேலையைத் தொடர்ந்தேன். அந்தக் குடும்பம் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கள் வீட்டு விசேஷம் இத்தனை கை மாறியது அவர்களுக்கும் தெரியாது.

அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 2000 முதல் 2002 வரை பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்தார்கள். ஓடிய 129-ல் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்களே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. விற்றவர்களில் பலர் உங்கள் கொழுந்தனாரைப் போலவே ஃபார்மட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள்தான்.

படங்கள் யாருடையவை?

‘அவர் எடுத்தது, எங்களுடையது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை, ஆனாலும் என் தொழிலில் அடிக்கடி எழும் கேள்வி இது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று சொல்கிறது. டிஸ்க் உங்களுடையது. அதில் உள்ள கல்யாணப் படம் அந்தக் கல்யாண வீட்டாருடையது. உங்கள் கணவர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார், இப்போது அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஆதார் நகல்களுக்கும் இதே கதைதான். தேவை முடிந்த தனிநபர் தரவை அழித்துவிட வேண்டும் என்றுதான் 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

ஆகவே அழிக்கலாமா என்றால், அழிக்கத்தான் வேண்டும். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு. கடை வாசலில் உங்கள் போன் நம்பரோடு ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். பழைய படம் வேண்டுவோர் இன்ன தேதிக்குள் வந்து காப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். அதையே போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடச் சொல்லுங்கள். வருகிறவர் யார் என்று விசாரித்து, அந்த வீட்டு ஆட்களிடம் மட்டும் கொடுங்கள். பிரிந்துபோன தம்பதிகளும் இருப்பார்கள். மாப்பிள்ளையின் நண்பர், பெண்ணின் தூரத்து உறவு என்று வருகிறவர்களிடம் பென் டிரைவைக் கொடுத்துவிட வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்திருந்தால், கணக்கு விவரங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அவற்றைத் தனியாக காப்பி எடுத்து வையுங்கள். அடுத்தது, ஏதாவது வழக்கில் போலீஸோ நீதிமன்றமோ உங்கள் கணவர் எடுத்த படத்தையோ வீடியோவையோ கேட்டிருந்தால் அந்த டிஸ்க்கை அழிக்கவே கூடாது. சாட்சியமாக வரவேண்டிய மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

முதலில் மீட்பு

கம்ப்யூட்டர்களில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளையும், ஓடுகிற மூன்று போர்ட்டபிள் டிஸ்க்குகளையும் டேட்டா ரெக்கவரி தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். வியாபாரிக்குத் தெரிந்த பையனிடம் வேண்டாம். நல்ல டெக்னீஷியன் முதலில் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் படியெடுத்துவிட்டு, அந்தப் படியில்தான் தேடுவார். எடுத்ததை அதே டிஸ்க்கில் சேமிக்கவே மாட்டார். சேமித்தால் மேலே எழுதுவது கீழே இருப்பதைத் தின்றுவிடும். ஃபார்மட்டுக்குப் பிறகு எதுவும் பதியவில்லை என்றால், பல நேரங்களில் ‘முருகன் திருமணம்’ என்று உங்கள் கணவர் வைத்த ஃபோல்டர் பெயரோடு சேர்த்தே கிடைக்கும். பெயர் போனாலும் படம் வரும். வீடியோ கொஞ்சம் சிரமம், துண்டு துண்டாகப் பதிந்திருந்தால் பாதியில் நின்றுவிடும். அண்மையில் வந்த சில போர்ட்டபிள் டிஸ்க்குகள் மட்டும் ஃபார்மட் செய்ததும் பழையதை வெறுமையாகவே காட்டும், அந்த மாடலாக இருந்தால் கடினம். கொடுக்கும்போதே, வேலை முடிந்ததும் தன்னிடம் உள்ள படியையும் அழித்துவிடுவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, நல்லவர் யாரும் கோபப்பட மாட்டார்.

உங்கள் குடும்பப் படங்கள், வீடியோக்கள் அனைத்தையும் இரண்டு புதிய டிஸ்க்குகளில் காப்பி எடுத்து, ஒன்றை உங்கள் அம்மா வீட்டில் வையுங்கள். இப்போதே திறந்து பார்க்க வேண்டும் என்று அவசரமில்லை. நீங்கள் பார்க்க முடிகிற நாளில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு அழிப்பு

ஹார்ட் டிஸ்க்கில் பழைய டேட்டாவின் மேல் முழுவதுமாக ஒருமுறை வேறு எதையாவது எழுதிவிட்டால், என்னிடம் கொண்டுவந்தாலும் என்னால் எடுக்க முடியாது. ஒரே முறை போதும். மகன் சொல்லும் 35 தடவைக்கு ஒரு வரலாறு உண்டு. நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பல வகை, ஒவ்வொன்றும் பதியும் முறை வேறு. எந்த வகை என்று தெரியாதபோதும் பொருந்த வேண்டும் என்பதற்காக எல்லா வகைக்கும் எழுத வேண்டிய கோலங்களைச் சேர்த்து 35 ஆக்கினார். இன்றைய டிஸ்க்குக்கு 35-ம் தேவையில்லை, அதை மந்திரம் போல எடுத்துக்கொண்டார்கள் என்று அவரே பின்னாளில் எழுதிவிட்டார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய டிஸ்க்குக்கு ஒருமுறை எழுதுவதே பொதுவாகப் போதும் என்றது. 35 தடவை என்று மகன் உட்கார்ந்தால் ஒரு டிஸ்க்குக்கே நான்கு நாள் போய்விடும். தேர்வு நேரத்தில் அது வேண்டாம்.

போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்குத் தனி மென்பொருள்கூட வேண்டியதில்லை. விண்டோஸிலேயே ‘டிஸ்க்பார்ட்’ இருக்கிறது. அதில் டிஸ்க்கைத் தேர்வு செய்து ‘க்ளீன் ஆல்’ கொடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் எழுதிவிடும். வெறும் ‘க்ளீன்’ என்று மட்டும் கொடுத்தால் அதுவும் அட்டவணையைக் கிழிக்கிற வேலைதான், ‘ஆல்’ முக்கியம். யுஎஸ்பி 3 என்றால் 1 டிபிக்கு மூன்று மணி நேரம், பழைய யுஎஸ்பி 2 என்றால் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். கம்ப்யூட்டர்களில் உள்ள டிஸ்க்குகளுக்கு, பென் டிரைவிலிருந்து ஓடும் ‘ஷ்ரெட்ஓஎஸ்’ என்ற அழிப்பு மென்பொருள் நல்லது. ‘டீபேன்’ என்று பலரும் சொல்வார்கள், அது பழையது, புதிய மதர்போர்டுகளில் பூட் ஆகாது.

இந்த வேலையில் நான் பார்த்த பெரிய துயரமெல்லாம் தப்பான டிஸ்க்கை அழித்ததால் வந்ததுதான். டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்குகள் 0, 1, 2 என்று எண்ணாகத்தான் தெரியும். ஒரு எண் மாறினால் போதும். அதனால் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மீட்டெடுத்த படங்கள் உள்ள புது டிஸ்க் அந்த நேரத்தில் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மற்ற எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, அழிக்க வேண்டியதை மட்டும் மாட்டி, கொள்ளளவு சரியா என்று இரண்டு முறை பார்த்த பிறகே என்டர் தட்ட வேண்டும்.

முடிந்ததும் அதே ஃபோட்டோரெக்கை அந்த டிஸ்க்கில் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு படம்கூட வரக் கூடாது. வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். ‘லோ லெவல் ஃபார்மட் போட்டுத் தரேன்’ என்று காசு கேட்கிறவரிடமும் இந்தச் சோதனையைக் கண்முன்னே செய்து காட்டச் சொல்லலாம்.

காந்தம் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் காந்தத்தால் மூடிய டிஸ்க்கின் உள்ளே ஒன்றும் ஆகாது. பலத்த காந்தத்தால் டிஸ்க்கை அழிப்பதற்கென்றே வரும் டிகாஸர் கருவி பெரிய நிறுவனங்களில் இருக்கும், அதுவும் எஸ்எஸ்டியில் பலிக்காது.

லேப்டாப்பும் மெமரி கார்டுகளும்

லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டு இல்லை, சிப்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, நாம் ஓரிடத்தில் எழுதச் சொன்னாலும் அது வேறிடத்தில் எழுதும். நமக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். அதனால் மேலே எழுதி அழிப்பதை இதில் முழுதாக நம்ப முடியாது. லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் ‘செக்யூர் எரேஸ்’ வசதி இருந்தால் அதையோ, எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளையோதான் பயன்படுத்த வேண்டும். கொழுந்தனார் அதை ஃபார்மட் செய்துவிட்டதால், அதில் மட்டும் இருந்த படங்கள் திரும்பி வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஃபார்மட் ஆனதும் விண்டோஸ் சொல்ல, எஸ்எஸ்டி பழையதைத் தானே காலி செய்யத் தொடங்கிவிடும். ஆனால் உங்கள் கணவரின் போனும் கூகுள் கணக்கும் இருக்கிறதே, அதில் போட்டோஸ் பகுதியைப் பாருங்கள். லேப்டாப்பை விற்க வேண்டாம் என்பது என் கருத்து. மகன் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

மெமரி கார்டுகளிலும் பழைய படங்கள் இருக்கலாம், முதலில் அவற்றையும் ரெக்கவரிக்குக் கொடுங்கள். அதன் பிறகு விற்று என்ன கிடைக்கப் போகிறது? கத்தரியால் சிப்போடு சேர்த்துக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள்.

வியாபாரியிடம் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்களுக்கு என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். ஒன்றிரண்டாயிரம் குறையலாம். அந்த வித்தியாசம் உங்களால் தாங்க முடிந்தால், டிஸ்க்குகளை விற்காமல் அழித்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணம் தேவை என்றாலும் தயங்க வேண்டாம், மேலே சொன்ன சோதனையில் தேறிய டிஸ்க்கைத் தாராளமாக விற்கலாம்.

டக் டக் சத்தம் போடும் அந்த டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அதில் கெட்டிருப்பது அநேகமாக ஹெட். படங்கள் தட்டில் அப்படியே இருக்கும், உதிரிக்காக வாங்குகிறவர் ஹெட்டை மாற்றினால் திறந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதை அழிக்க முடியாது, ஏனென்றால் அது எழுதுவதற்கே நிற்காது. தேவையில்லை என்று முடிவானால் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டுகளையே உடைக்க வேண்டும். சிறிய டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், துணியில் சுற்றிக் கண்ணைப் பாதுகாத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். எரிக்கக் கூடாது. உடைத்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்கலாம்.

ஆனால் அந்த முடிவை இன்று எடுக்க வேண்டாம். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியவில்லை என்கிறீர்கள். திறக்கிறதா என்று பார்க்க யாரும் இன்னொரு தடவை மாட்டிவிடாதபடி, ஒரு துண்டில் சுற்றி பீரோவில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் கெட்டுப்போன ஹெட் தட்டைக் கீறும். மற்ற டிஸ்க்குகளில் தேடி முடித்த பிறகும் அவர் குரல் கிடைக்கவில்லை என்றால், அப்போது அதைத் திறந்து பார்க்கலாம்.